தேயிலைப் பெட்டிக்குள் மீன் எண்ணெய்

தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைக் குடித்துவிடும். வெங்காயம் வைத்தால் வெங்காயம். சோப்பு வைத்தால் சோப்பு. இது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்ததால்தான் வம்பில் மாட்டினேன். தெரியாதவனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குத் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. (அரைத்த இலையைச் சூட்டில் காய வைக்கிற யந்திரத்துக்கு நாங்கள் வைத்த பேர் அடுப்பு.) மனைவி பாக்கியம் மலையில் கொழுந்து எடுப்பாள். ஒரே பிள்ளை, கோமதி.

தொழிற்சாலைக்குள் வாசனை எதுவும் வரக்கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. பெண்கள் பூ வைக்கக்கூடாது. இதைக் கவனிக்கத் தொழிற்சாலைக் கிராணி இருந்தார். கணக்கு எழுதுவதுதான் கிராணி வேலை. இவர் மூக்கால் வேலை பார்த்தார். காலையில் முன்வாசலில் நிற்பார். நாங்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து காட்டவேண்டும். கோயிலில் திருநீறு வாங்குவது போல இருக்கும். அவர் திருநீறு பூசமாட்டார். முகர்ந்து பார்ப்பார்.

“நேத்து கருவாடா?”

“ஆமாங்க.”

“போய் வாயக் கொப்புளிச்சிட்டு வா. சோப்புப் போட்டுக் கைய கழுவு. அப்புறம் சோப்பு வாசன போறவரைக்கும் வெளிய நில்லு.”

கோமதிக்கு அப்போது ஆறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் விளங்கும். வாயைத் திறந்தால் பாதி எழுத்து வராது. தண்ணி கேட்டால் ‘அய்யி’ என்று வரும். அது பாக்கியத்துக்கு மட்டும் புரியும். இரண்டு வார்த்தை சேர்த்து அவள் சொன்னதே கிடையாது.

எஸ்டேட் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரிடம் அழைத்துப்போனேன். பேர் கேட்டார். கோமதி அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஜனவரிக்குள்ள பேரையாவது வெளங்கற மாதிரி சொல்லட்டும். சேத்துக்கறேன். இல்லன்னா ஈப்போவுல பேச்சு வராத பிள்ளைங்க தங்கிப் படிக்கிற எடம் ஒன்னு இருக்கு. அங்க எழுதிப் போட்டுடலாம்.”

ஈப்போ மலைக்குக் கீழே. தாப்பா ரோட்டில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு போகவேண்டிய ஊர். அன்று பாக்கியம் சோறு ஆக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் டிரெஸரிடம் போனேன். (எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாத நாளில் டிரெஸர்தான் டாக்டர். டாக்டர் எப்போதாவது வருவார்.) அவர் கோமதியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் சாவிக் கொத்தை ஆட்டிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார்.

“மீனெண்ணெ. இதுல இருக்கிற கொழுப்பு மூளைக்கு நல்லதுன்னு சொல்றாங்க.”

“பேச்சு வருமா ஐயா?”

“வரும்னு நான் சொல்லல. கெடுதல் இல்லன்னு சொல்றேன். தெனம் ஒரு சின்னக் கரண்டி. அதுக்கு மேல போகாத. குடுக்கும்போது பிள்ளகிட்ட பேசு. அதுதான் முக்கியம்.”

“என்ன பேசறது?”

“ஏன்யா, அப்பன் மககிட்ட பேசறதயும் நான் எழுதிக் குடுக்கணுமா?”

எழுதிக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் வம்சத்தில் பேச்சு குறைவு. என் அப்பா பேசி நான் கேட்டது கொஞ்சம். அதிலும் பாதி மாட்டிடம்.

முதல் நாள் கோமதியை மடியில் உட்கார வைத்துக் கரண்டியை எடுத்தேன். பேசவேண்டும். யோசித்தேன்.

“இன்னிக்கு மழ” என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மழைதான். அவளுக்கே தெரிந்ததை நான் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

எண்ணெய் உள்ளே போகவில்லை. எங்கள் மலைக் குளிரில் காலையில் அது கலங்கிக் கெட்டியாகிவிடும். வாய்க்குள் வைத்தால் பிள்ளை என் சட்டையில் துப்பும். தலையணையில் துப்பும். மூன்றாம் நாள் பாக்கியம் முடிவு சொன்னாள்.

“ஏங்க, இந்தப் போத்தல் உள்ளயே இருக்கட்டும். நான் வெளிய படுத்துக்கறேன்.”

கூரை ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். லயத்து வரிசை வீட்டுப் பூனைகள் எல்லாம் வந்து கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தன. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் கதவைத் திறந்து, “உங்க வீட்டுல என்ன, யாராவது பெரிய மனுசன் வந்திருக்கானா?” என்று கேட்டார்.

ஒரு நாள் வெயிலில் வைத்த எண்ணெய் இளகி, தண்ணீர் மாதிரி உள்ளே போனது. பிள்ளை முகத்தைச் சுளித்தாள், துப்பவில்லை. சூடு வேண்டும் என்று புரிந்தது. மலையில் எந்த நாளும் சூடு இருக்கிற இடம் ஒன்றுதான். என் அடுப்படி. ஆனால் அங்கே கிராணியின் மூக்கு இருந்தது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. தேயிலை வாசனையைக் குடிக்கும். சரி. போத்தலைத் தேயிலைக்குள்ளேயே புதைத்துவிட்டால்? வாசனை அத்தனையும் தேயிலைக்குள் போய்விடும். வெளியே ஒன்றும் வராது. கிராணி பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

இந்த யோசனை வந்த அன்று எனக்கு நானே கொஞ்சம் மரியாதை கொடுத்துக்கொண்டேன். நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்று பாக்கியம் சொல்கிறாள்.

அடுப்புக்குப் பின்னால் மூலையில் ஒரு பலகைப் பெட்டி இருந்தது. நல்ல தேயிலைப் பெட்டி என்றால் மேலே மையில் எழுத்து குத்தியிருக்கும். இதில் எழுத்து இல்லை. எழுத்து இல்லாத பெட்டி கூட்டி அள்ளிய குப்பைத்தூள். செடிக்கு உரமாகப் போகும். யாரும் தேடமாட்டார்கள். விறகு வாசல் வழியாகப் போத்தலைக் கொண்டுவந்தேன். மூடியைத் தூக்கினேன். முழங்கை வரை கையை விட்டு அடியில் சொருகினேன். உள்ளே என்ன தூள் என்று பார்க்கவில்லை. என் கண் கிராணி வருகிறாரா என்று வாசலில் இருந்தது.

(போத்தலுக்குத் தக்கை மூடி. அது சரியாக உட்காராது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிற்பகல் கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதும். பாக்கியம் கூடையோடு வருவாள். கோமதி விறகு வாசலுக்கு ஓடிவருவாள். நான் போத்தலோடு நிற்பேன். பேசவேண்டும் என்று டிரெஸர் சொன்னாரே. பேசினேன்.

“வாயத் தொற. மூக்கப் புடி. முழுங்கு. கிராணிகிட்ட சொல்லாத.”

இதுதான் என் பேச்சு. தினமும் இதே. மழை பெய்தாலும் இதே, தீபாவளிக்கு முதல் நாளும் இதே. டிரெஸர் சொன்னதைச் சரியாகச் செய்கிறேன் என்று எனக்குத் திருப்தி.

கிராணி பல தடவை அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். ஒன்றும் தெரியவில்லை. என் யோசனை பலித்தது. பலித்த அளவுக்கு வேறெதுவும் என் வாழ்க்கையில் பலித்ததில்லை.

டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்த மனிதர்கள். எஸ்டேட்டை நடத்துகிற துரை அவர்களைத் தொழிற்சாலைக்கு அழைத்து வந்தார். நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள். கிராணி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார்.

“இந்த வருசத்துலயே நல்ல தூளு, தொரை. நானே பொறுக்கித் தனியா எடுத்து வச்சிருக்கேன். பனி ஏறிடக்கூடாதுன்னு அடுப்புப் பக்கத்துல வச்சேன். எழுத்துகூட குத்தல. குத்தினா எவனாவது லோரில ஏத்திடுவான்.”

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்து நடந்தார்.

அந்த மூலையில் இருந்தது ஒரே பெட்டி. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எப்போதும் பிடிக்கும். அதற்குள் அவர் மேல் தூளை அள்ளிவிட்டார். முகர்ந்தார். முகம் மாறவில்லை. மேல் தூள் தப்பித்துவிட்டது போல என்று எனக்கும் ஒரு நம்பிக்கை வந்தது.

வெந்நீர் ஊற்றினார்கள்.

அதுவரை அடக்கமாக இருந்தது அப்போது எழுந்து வந்தது.

வந்தவர்களில் குண்டானவர் கரண்டியில் எடுத்து உறிஞ்சினார். அவர்கள் உறிஞ்சி, வாயில் உருட்டி, வாளியில் துப்புவார்கள். இவர் துப்பவில்லை. விழுங்கவும் இல்லை. கன்னம் உப்பியபடி கூட வந்தவரைப் பார்த்தார். அவரும் உறிஞ்சினார். கடைசியில் துப்பிவிட்டு, “ஈக்கான்?” என்றார். மலாயில் மீன்.

துரை குடித்துப் பார்த்தார். கோப்பையைக் கிராணியிடம் தள்ளினார்.

“குடி.”

கிராணி குடித்தார். ஒரு மனிதன் தன் மூக்கையே சந்தேகப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

“என்னா தெரியுது?”

“மீனு, தொரை.”

“டீ எங்க?”

“பின்னால கொஞ்சம் வருது, தொரை.”

பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்தார்கள். கறுப்பாக, சுருள் சுருளாக, அருமையான தூள். அதன் நடுவிலிருந்து என் போத்தல் உருண்டு வந்து துரையின் பூட்ஸில் முட்டி நின்றது. கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றில் கரண்டி.

துரை அதை எடுத்தார். “யாருது?”

வேலைக்காரர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கூரையில் ஒன்றும் இல்லை.

“சொல்லலன்னா அத்தன பேரும் இன்னிக்கே வேலய விட்டுப் போலாம்.”

இதற்கு மேல் நிற்கக்கூடாது என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்போது கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதியது.

விறகு வாசலில் அன்று நான் இல்லை. கோமதி என்னைத் தேடி உள்ளே வந்தாள். துரை கையில் போத்தல் இருப்பதைப் பார்த்தாள். இன்றைக்கு இவர் முறை என்று நினைத்திருக்கவேண்டும். நேராக அவரிடம் போனாள். மூக்கைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். நின்றாள்.

துரை போத்தலைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

கிராணி அவள் முன்னால் குந்தினார். குரலைச் சர்க்கரையாக்கிக்கொண்டார்.

“பாப்பா, யாரும்மா ஒனக்கு இத ஊத்தறது?”

கோமதி வாயை மூடினாள். என்னைப் பார்த்தாள். கிராணியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“கிராணிகிட்ட சொல்லாத.”

‘ர’ மட்டும் கொஞ்சம் சறுக்கியது. மற்ற எழுத்தெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

வாசலில் ஒரு கூடை விழுந்தது. பாக்கியம். கொழுந்து தரையெல்லாம் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை. எனக்கும் துரை, கிராணி, வேலை எல்லாம் மறந்துவிட்டது. போய்ப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இன்னொரு தரம் சொல்லும்மா.”

“கிராணிகிட்ட சொல்லாத” என்றாள், கிராணியின் முகத்துக்கு நேராக, இன்னும் சத்தமாக.

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை. கிராணிதான் சிரிக்கவில்லை.

“இத்தன நாளா என் மூக்குக்குக் கீழயா?”

“மூக்குக்குக் கீழ இல்லீங்க. நீங்க உக்காந்த பெட்டிக்குள்ள.”

“இப்ப மட்டும் நல்லா பேசறியே.”

அடுப்பு வேலை போனது. எஸ்டேட்டை விட்டு அனுப்பவில்லை. மழைக்காலம் முடியும் வரை மலையில் கால்வாய் வெட்டினேன். அந்தப் பெட்டித் தேயிலையைக் கிராணி என் தலையில் ஏற்றிவிட்டார். “ஒன்னோட டீ. நீயே குடிச்சி முடி.” குடித்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு தடவை வந்தார்கள், மறுபடி வரவில்லை. பூனைகள் விடாமல் வந்தன.

ஜனவரியில் பெரிய வாத்தியார் முன்னால் நின்றோம். பேர் கேட்டார். கோமதி பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாக்கியத்தின் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“கோமதி” என்றாள். கொஞ்சம் யோசித்து, “கிராணிகிட்ட சொல்லாத” என்றாள்.

சொல்லமாட்டேன் என்று வாத்தியார் சத்தியம் செய்து சேர்த்துக்கொண்டார்.

பேச்சு உடனே கொட்டிவிடவில்லை. வருஷங்கள் ஆயின. மலைமேல் தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா கண்ணாடி முன்னால் உட்கார வைத்து எழுத்து எழுத்தாகப் பழக்கினார். எண்ணெய் வேலை செய்ததா என்று டிரெஸரிடம் ஒரு நாள் கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? நீ பேசினது வேல செஞ்சிருக்கலாம். என்ன பேசின?”

சொன்னேன். அவர் கையிலிருந்த மருந்துப் போத்தலை மூடி வைத்தார். பிறகு, “இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்லா” என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைத்தால் அந்த வார்த்தைதான். நான் டாக்டருக்குத் தெரியாமல் லட்டு தின்றால் பேரப்பிள்ளைகள் அதைத்தான் சொல்கிறார்கள். கிராணி யார் என்றே அவர்களுக்குத் தெரியாது.

கோமதி கல்யாணத்துக்குக் கிராணி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். மணமேடை ஏறும்போது வழக்கம் போல மாப்பிள்ளையை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். பளபளக்கும் காகிதம் சுற்றிய பொட்டலத்தைக் கோமதி கையில் வைத்து, குனிந்து காதில் ஏதோ சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் மாலை நழுவியது.

அன்று மாலை பிரித்தோம். உள்ளே ஒரு தேயிலை டின். நல்ல தூள். அதற்குள், முழங்கை ஆழத்தில் இல்லாவிட்டாலும், அடியில், ஒரு சின்னப் போத்தல் மீன் எண்ணெய்.

“காதுல என்னம்மா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“‘அப்பன்கிட்ட சொல்லாத’ன்னாரு.”

இந்தத் தடவை ‘ர’ சறுக்கவில்லை.