கோடாலிக்கு வாங்கிய கல்

இந்தத் தடவை காட்டு முகாமில் விறகைத் தானே பிளப்பது என்று நம்ம ஆள் சபதம் போட்டுவிட்டார். போன தடவை அவர் ஓங்கிய கோடாலி, கட்டையைச் செல்லமாகத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "தள்ளுங்க மாமா" என்று தன் கோடாலியால் ஒரே போடில் பிளந்தும் காட்டினான். அந்தச் சிரிப்பு இன்னும் இவர் காதில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நாளைக் காலை மறுபடி அவனோடுதான் பயணம்.

கடைக்காரர் இரண்டு சாணைக்கல்லை எடுத்து வைத்தார். ஒன்று சொரசொரப்பு, ஒன்று வழவழப்பு.

"கோடாலிதானே? வாயெல்லாம் பல்லுபல்லாப் போயிருக்கும். சொரசொரப்பை எடுத்துக்குங்க."

விற்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று இவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாருகிட்ட? ரெண்டையும் கொண்டுபோய்த் தீட்டிப் பார்ப்பேன். வேண்டாததைச் சாயங்காலம் திருப்பித் தருவேன். முடியுமா, முடியாதா?"

போட்ட சத்தத்தில் கடைக்காரர் காகிதத்தில் சுற்றியே கொடுத்துவிட்டார்.

வீட்டில் மனைவி கல்லைத் தடவிப் பார்த்தாள். "எடுத்த எடுப்புலயே கோடாலியிலயா? எசகுபிசகாப் போச்சுன்னா என் தம்பி சும்மா விடுவானா? முதல்ல சமையல்கட்டுக் கத்தியில பாருங்க."

"கத்திக்கெல்லாம் எதுக்குடி கல்லு?" சமையல் கத்திக்கு ஒரு கல் வேண்டுமென்று அவள் எத்தனையோ தடவை கேட்டபோதும் இவர் சொன்ன பதில் இதுதான். "பீங்கான் கோப்பையைக் கவுத்து அடியில தேய்ச்சா ஆச்சு!"

"எனக்காகவா சொல்றேன்? கல்லைச் சோதிக்கத்தானே!"

நியாயம்தான். சொரசொரப்பில் தீட்டிய கத்தி, கல் சுற்றி வந்த காகிதத்தைப் பிறாண்டியது. வழவழப்பில் தீட்டியதோ, வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"பார்த்தியா? என்னையே ஏமாத்தப் பார்த்தான்!"

"உங்களையா? நடக்கிற காரியமா?" என்று அடுத்த கத்தியை நீட்டினாள். அப்புறம் பழக்கத்தி. அப்புறம் கத்தரிக்கோல். இவர் தோள்பட்டை கழன்றதும், சொரசொரப்புக் கல்லை அவளே கடையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

விடிந்ததும் கோடாலியை எடுத்தார். வழவழப்புக் கல்லில் தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது. வாயில் இருந்த பல்லு மட்டும் ஒன்றுகூடத் தேயவில்லை. கொல்லையில் ஒரு கட்டையில் போட்டுப் பார்த்தார். தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது.

வாசலில் மச்சானின் கார் ஹாரன்.

"ஏய், அந்தச் சொரசொரப்புக் கல்லு வேணுமே!"

"கோடாலிக்கு அதுதான் வேணும்னு கடைக்காரரும் சொன்னார்."

"உன்கிட்ட எப்போ சொன்னார்?"

"நேத்து, நான் திருப்பிக் கொடுக்கப் போனப்ப."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் சொன்னதுக்கே நீங்க போட்ட சத்தத்துல கடை அதிர்ந்துச்சாமே!"

ஹாரன் மறுபடி அலறியது. புதுக் கூர் ஏறிய கத்தியால் வெங்காயத்தைச் சரசரவென்று நறுக்கிக்கொண்டிருந்தவள், இடது கையால் ஒரு கோப்பையை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"அடியில தேய்ச்சா ஆச்சு!"