பார்த்ததுமே புண்ணுக்குப் பெயர் வைப்பவர்கள்

தொற்றாவது, மண்ணாவது! ராணியம்மாள் கடை இட்லியைத் தின்றால் அவள் கால்புண் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னது எந்த வாய்? புண் வந்த பிறகும் எட்டு மாதமாக அதே இட்லியை மென்ற வாய்தானே?

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாற்பது வருஷம் அடுப்பு முன்னால் நின்றவள் அவள். கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது; ஆறவே இல்லை. உடனே எங்கள் தெருவில் ஒரு ரகம் கிளம்பிவிட்டது. பார்த்ததுமே நோய் சொல்லும் ரகம். இவர்களுக்குப் படிப்பு வேண்டாம், வெளிச்சம்கூட வேண்டாம். பால் வாங்கப் போகிற போக்கில், இடுப்பில் குடத்தோடு, பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபடி, முழங்காலுக்குக் கீழே எது தெரிந்தாலும் அதற்குப் பெயர் வைத்து, பத்தியம் சொல்லி, அதே நோயில் கால் போன ஒரு சித்தப்பாவையும் நினைவுபடுத்திவிட்டுத்தான் நகர்வார்கள். அந்தச் சித்தப்பா இல்லாத வீடு உண்டா?

எதிர்வீட்டு ஆதிலட்சுமி இவர்களுக்கெல்லாம் தலைவி.

"சக்கரைப் புண்ணுமே இது. பாத்தாலே தெரீது."

"டெஸ்ட்டு எடுத்துட்டேன்கா. சக்கரை இல்லியாம்."

"மெஷினு கெட்டிருக்கும்."

மளிகைக்கடை காதர் பாய், "வண்டுக்கடிம்மா" என்று களிம்பு தந்தார். ஆதிலட்சுமி காப்பித்தூளை அப்பினாள். நான் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன். நான் போட்டது நல்ல எண்ணத்தில், அது வேறு. கடைசியில் எங்கள் வைத்தியம்தான் தெரிந்தது, புண் தெரியவில்லை. கடையில் ஆள் குறைந்து, ஒருநாள் இட்லி முழுதும் மாட்டுக்குப் போனது. அன்றுதான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் நிஷா முதலில் எல்லாவற்றையும் கழுவினாள். பிறகு, "கொஞ்சம் எழுந்து நில்லுங்க ஆயா" என்றாள். கால் முழுதும் நரம்பு புடைத்துக்கொண்டது.

"நரம்பு சுருட்டிக்கிட்டு ரத்தம் கால்லயே தேங்குது. இது யாருக்கும் ஒட்டாது. ஆனா இவ்ளோ நாள் ஆறலன்னா துளி சதை எடுத்துப் பார்த்துடணும். முடிவு வரப் பத்து நாள் ஆகும்."

"படிச்ச பொண்ணுக்குப் பத்து நாளா! நானு ஒரே நிமிசத்துல சொன்னேன்" என்று சிரித்தாள் துணைக்குப் போயிருந்த ஆதிலட்சுமி.

அந்தப் பத்து நாளும் ராணியம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. புற்று இல்லை என்று வந்தது. இறுக்கமான கட்டு, தலையணைமேல் கால், மூன்று மாதம். ஆறியேவிட்டது.

அவள் வாசலைத் தாண்டிக் கடைக்கு நடந்த அன்று தெருவே நின்று பார்த்தது. அன்றிலிருந்து எங்களுக்குச் சக்கரையும் இல்லை, வண்டும் இல்லை. யார் காலில் கொசு கடித்தாலும் நரம்புதான். நானே நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன். சிரிக்கிறீர்களா? நீங்களும் இப்போது பக்கத்தில் இருப்பவர் காலைத்தானே பார்க்கிறீர்கள்? கொஞ்சம் நகருங்கள், எனக்கு மறைக்கிறது.