பாதிப் பாட்டும் ஒரு நவராத்திரியும்

நாளாக நாளாகக் கோபம் தானே ஆறிவிடும் என்று சொல்கிறவர்கள், தாங்கள் உயிரை வைத்திருந்த பொருளைச் சுண்டல் பாத்திரத்துக்கு அடியில் பார்த்தவர்களாக இருக்க முடியாது. நான் பார்த்தேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. போன மாதம் ரத்தக்கொதிப்புக்காகப் போனபோது டாக்டர், “எதையாவது மனசுல வெச்சுக்கிட்டுக் குமையறீங்களா?” என்று கேட்டார். “ஒரு நவராத்திரி” என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிவிட்டார்.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் என் வயதுப் பையன்கள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார்கள், அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நின்றார்கள். எனக்கும் அமெரிக்கா வேண்டித்தான் இருந்தது, ஆனால் ஏழு அங்குல அளவில். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடிய ஸோல், டிஸ்கோ பாட்டுகளின் சின்ன இசைத்தட்டுகள், பக்கத்துக்கு ஒரு பாட்டு. அதுவும் அங்கேயே அச்சான ஒரிஜினல் தட்டாக இருக்க வேண்டும். இங்கே மறுபடி அச்சிட்டதைத் தொட மாட்டேன். காஸெட்டில் பாட்டுக் கேட்கிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை (எங்கள் அண்ணா காஸெட்டில்தான் கேட்பான்). உலகமே கைவிட்ட பெல்பாட்டத்தைப் போட்டுக்கொண்டு அலைந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்படியும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் பாதிப் பாட்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, சிற்றலை ரேடியோவில் ஒரு வெளிநாட்டு நிலையத்தில் அதைக் கேட்டேன். பாடியவன் ஒருத்தியின் வீட்டு வாசலில் நின்று கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். மழை பெய்கிறது. செய்த தப்பை எல்லாம் ஒத்துக்கொள்கிறான். அழுகிறான். அவள் கதவைத் திறந்தாளா இல்லையா என்று தெரிவதற்குள் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. மின்வாரியத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் தனி, அதை இன்னொரு கட்டுரையில்தான் அடக்க முடியும். அன்றிலிருந்து அவள் கதவைத் திறந்தாளா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு நிம்மதியே இல்லை.

பாடகன் பெயரை மட்டும் அறிவிப்பாளர் சொல்லியிருந்தார். அதை வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் தேடினேன். கடைசியில் அது கிடைத்த இடம் கோட்டூர்புரத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. வெளிநாட்டுக்காரர்கள் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது போட்டுவிட்டுப் போன பெட்டியில், கத்தரிப்பூ நிற லேபிளோடு கிடந்தது. லேபிளில் அவன் பெயரும், தலைப்பாக அவன் கெஞ்சிய அதே வரியும் இருந்தன. நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டதைப் பார்த்த கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“இன்னா சார், இத்தப் போய் கட்டிப் புட்ச்சினு நிக்கிற? நடுவுல இம்மாம் பெரிய ஓட்ட கீது. பாடுமா இது?”

பாடும். ஆனால் அமெரிக்கச் சின்னத்தட்டுகளுக்கு நடு ஓட்டை பெரியது. நம் ஊர் ரெக்கார்ட் பிளேயரின் மெல்லிய கம்பியில் அது நிற்காது. ஓட்டையை அடைக்க அடாப்டர் என்று ஒரு பிளாஸ்டிக் வில்லை வேண்டும். என்னிடம் ஒரே ஒரு வில்லைதான் இருந்தது. அண்ணா என் தட்டுகளைத் தொடக் கூடாது என்பதற்காக அதைச் சாவிக் கொத்தில் மாட்டி, எங்கே போனாலும் பையில் எடுத்துப் போவேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

தட்டு கிடைத்த அன்றே போட்டுக் கேட்டிருக்கலாம். சாதாரண மனிதன் அதைத்தான் செய்திருப்பான். நானோ ரசிகன். என் பிளேயரின் ஊசி பழசு, அந்தத் தேய்ந்த ஊசியால் இந்தத் தட்டைக் கீறுவது மகாபாவம் என்று நினைத்தேன். சிங்கப்பூரிலிருந்து வரும் நண்பனிடம் புது ஊசிக்குச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். தினமும் தட்டை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, பார்த்துவிட்டு உள்ளே வைப்பேன். அம்மா இதைப் பார்த்துவிட்டுச் சாமியறையில்கூட இவ்வளவு பக்தியாக இருந்ததில்லை என்று முணுமுணுப்பாள்.

நவராத்திரியில் ஒரு நாள் நண்பன் வந்து சேர்ந்தான். ஆபீசிலிருந்து நேரே அவனிடம் போய் ஊசியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பறந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். கூடம் நிறையப் பட்டுப்புடவை. அம்மா ஒரு மாமிக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துக்கொண்டிருந்தாள். அது இருந்த கிண்ணம் கறுப்பாக, பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டிருந்தது. உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தன. அடியில் எனக்குத் தெரிந்த ஒரு மஞ்சள் லேபிள்.

“மன்னி பண்ணினாடா, எவ்வளவு அழகா இருக்கு பாரு” என்றாள் அம்மா.

மன்னி என்றால் அண்ணாவின் மனைவி. கல்யாணமாகி வந்து மூன்று மாதம். தி.நகரில் ஏதோ கைவேலை வகுப்பில், பழைய ரெக்கார்டை வெந்நீரில் போட்டு, இளகியதும் டம்ளர் மேல் கவிழ்த்து அழுத்திக் கிண்ணம் செய்யக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். (அந்த வகுப்பு நடத்திய அம்மாள் எங்கிருந்தாலும் சரி, அவருக்குக் காபி எப்போதும் ஆறியே கிடைக்கட்டும்.) நான் சமையலறைக்குள் ஓடினேன். அங்கே அப்பா நிம்மதியாகச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என் ரெக்கார்டை எல்லாம் யார் எடுத்தது?”

“நான்தான் எடுத்துக் குடுத்தேன். எல்லாம் கெட்டுப்போன ரெக்கார்டுடா.”

“யார் சொன்னா?”

“ஏன் கத்தறே? கேக்காம குடுப்பேனா? ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தேன். ஒண்ணுகூடப் பாடலை. குடிச்சவன் மாதிரி தள்ளாடறது, மாடு கத்தற மாதிரி கத்தறது. எவனோ உன்னை நன்னா ஏமாத்தியிருக்கான்.”

எப்படிப் பாடும்? அடாப்டர் என் பையில் அல்லவா இருந்தது! நடு ஓட்டையில் பிடிப்பே இல்லாமல், அந்தத் தேய்ந்த ஊசியை வைத்து, என் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சித்திரவதை செய்துவிட்டு, அதன் பிறகுதான் கொலைக்கு அனுப்பியிருக்கிறார். வாயைத் திறந்தேன். அம்மா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

“புதுசா வந்த பொண்ணு. அவளுக்கு இந்தாத்துல முதல் கொலு. ஒரு வார்த்தை பேசினே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

மன்னி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. “உனக்கு வேணும்னா மாமா எடுத்துக் குடுத்திருக்க மாட்டாளேன்னு நினைச்சேன். அந்தக் கத்தரிப்பூ கலர் ஒண்ணை மட்டும் நான் வளைக்கலை. கலர் அழகா இருந்தது. ஓரத்துல ஜிகினா மட்டும் ஒட்டித் தட்டாவே வெச்சேன்” என்றாள்.

“எங்கே அது?”

“கோமளா மாமி கேட்டு வாங்கிண்டு போனா.”

கோமளா மாமி அம்மாவின் சிநேகிதி, வீடு தி.நகரில். ஜிகினாவைக் கழுவிக்கொள்ளலாம். அப்பா போட்ட கீறலை மன்னிக்க முடியாது, ஆனால் பாட்டைக் கேட்க முடியும். தட்டு தட்டையாக இருக்கிறது என்ற ஒரே நினைப்போடு பஸ் ஏறினேன். ஊசியை நசுங்காமல் ஒரு கையால் பொத்திக்கொண்டு, பனகல் பார்க் கூட்டத்தில் இன்னொரு கையால் ஜவுளிப் பைகளை விலக்கிக்கொண்டு போன என்னை அன்று எத்தனை பேர் திட்டினார்களோ, அத்தனை பேரையும் நான் பதிலுக்குத் திட்டினேன்.

மாமி வீட்டுக் கூடத்தில் நுழைந்தவுடன் பார்த்துவிட்டேன். கொலுப்படிக்குப் பக்கத்தில் முக்காலி மேல், வந்த வெகுமானங்களோடு என் தட்டு. தட்டையாக. முழுசாக. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

“மாமி, அந்தத் தட்டு என்னோடது. தெரியாம குடுத்துட்டா.”

“அதுக்கென்ன, எடுத்துண்டு போயேன். முதல்ல உக்காரு. கொலுவுக்கு வந்துட்டுப் பாடாம போகப்படாது.”

“எனக்குப் பாடத் தெரியாது மாமி.”

“மயிலாப்பூர்ல பொறந்துட்டுப் பாட்டு தெரியாதா? யார்கிட்ட சொல்றே! பாடு, தட்டைத் தரேன்.”

சுற்றிலும் இருந்த மாமிகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ சுருதிப்பெட்டியை வேறு போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், ‘பாட்டுதானே வேண்டும், இந்தாருங்கள்’ என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த அந்தப் பாதிப் பாட்டை எடுத்துவிட்டேன். வாசலில் நின்றேன். மழையில் நனைந்தேன். கெஞ்சினேன். தொண்டை கிழிய அழுதேன். கரண்ட் போன இடத்தில் நிறுத்தினேன்.

மாமி மெதுவாக, “என்னடா அர்த்தம்?” என்றாள்.

“கதவைத் திறன்னு கெஞ்சறான்.”

“ஓ, சன்னதிக் கதவா! பக்திப் பாட்டுதான். மிச்சத்தையும் பாடேன்.”

“மிச்சம் எனக்குத் தெரியாது மாமி. மிச்சம் அந்தத் தட்டுலதான் இருக்கு” என்று முக்காலியைக் காட்டினேன்.

முக்காலி மேல் வெண்கலப் பானை இருந்தது. பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக் கதறிக்கொண்டிருந்த நேரத்தில், மாமியின் தங்கை அடுப்பிலிருந்து சுண்டலை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பானையை ஆடாமல் உட்கார வைக்கப் பிரிமணை தேடியிருக்கிறாள். நடுவில் பெரிய ஓட்டையோடு வட்டமாக ஒன்று கிடக்கிறது. உருண்டை அடிப் பானைக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்ததாம். (இதைப் பிறகு அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.)

கை சுடுவதைப் பற்றிக் கவலைப்படாமல் பானையைத் தூக்கினேன். தட்டு அதோடு ஒட்டிக்கொண்டு வந்து, தொய்ந்து, தரையில் விழுந்தது. பாட்டு ஓட வேண்டிய பள்ளத்தில் ஒரு கொண்டைக்கடலை பதிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. தலைமுடியைப் பிய்த்துக்கொண்டேன் என்கிறார்கள். “அடுப்பை அணை! எல்லாத்தையும் அணை!” என்று அலறினேனாம். உடம்பு நடுங்கியது, கண் சிவந்திருந்தது. ஓர் இளைஞன் நவராத்திரியில் அம்பாளுக்கு எதிரே கதவு திறக்கச் சொல்லிப் பாடிவிட்டு இப்படி ஆடினால் அந்தக் கூடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். ஒரு மாமி என் காலருகே உட்கார்ந்து கைகூப்பினாள்.

“தாயே, ரெண்டு தடவை இல்லேன்னுட்டான். என் பிள்ளைக்கு அமெரிக்கா விசா கிடைக்குமா?”

“அமெரிக்காவா? போகட்டும்! அங்கேயே போய்த் தொலையட்டும்!”

“உத்தரவு” என்று அவள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு நெற்றி நிறையக் குங்குமம் அப்பி, வெற்றிலை பாக்கோடு ஒரு பொட்டலம் சுண்டலும் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதமே விசா கிடைத்துத் தொலைத்தது. அப்புறம் சில வருஷங்கள் நவராத்திரி வந்தால் எங்கள் வீட்டு வாசலில் பாஸ்போர்ட்டோடு யாராவது நிற்பார்கள். நான் பின்பக்கமாக ஓடுவேன். அப்பா மட்டும் அசையவே இல்லை. கடைசி வரைக்கும், “நான் போட்டுப் பாத்தேன், பாடலை” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அடாப்டரைப் பற்றி நான் விளக்கினால், “அதை யாருடா பையில போட்டுண்டு போனா?” என்பார். இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்னும் கோபம் அதிகம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைப் பாதியில் மறந்தாலும், பாட்டோ, சமையல் பக்குவமோ, சொல்ல வந்த வம்போ, மற்றவர்கள் ஒரே குரலில், “மிச்சம் தட்டுல இருக்கு!” என்பார்கள். உறவில் ஒரு கல்யாணத்தில் சாஸ்திரிகள் ஒரு மந்திரத்தில் தடுமாறியபோதுகூட யாரோ சொன்னார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

போன வருஷம் என் பெண் அந்தப் பாட்டை எங்கேயோ இணையத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அப்போது அறையில் மன்னி மட்டும் இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. பெண் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையாகப் போய்விட்டாள். உட்கார்ந்தேன். வாசல், மழை, கெஞ்சல், அழுகை. கரண்ட் போன இடம் வந்தது, தாண்டியது.

மறுபடியும் அதே கெஞ்சல். அதே வரி. அதையே திரும்பத் திரும்பப் பாடி, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, முடிந்துவிட்டது.

மன்னி என் பக்கம் திரும்பினாள். “கதவைத் திறந்தாளாடா?”

“தெரியலை.”

“அப்போ அன்னிக்கு நீ பாடினதுதானே முழுப் பாட்டும்?”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் அப்பா மேல், மாமி மேல், மன்னி மேல் என்று பிரித்துக் கொடுத்த அத்தனையையும் மொத்தமாக வாரி அந்தப் பாடகன் தலையில் கொட்டினேன். கதவைத் திறக்காவிட்டால் வீட்டுக்குப் போவதுதானே! மன்னி கடைசி வரை உட்கார்ந்து கேட்டாள்.

இந்த வருஷக் கொலுவில் அவள் பேத்தி ஒரு பாட்டைப் பாதியில் மறந்து விழித்தாள். கூடமே என் பக்கம் திரும்பி, “மிச்சம் தட்டுல இருக்கு!” என்று கத்தியது. மன்னி மட்டும் வாயைத் திறக்கவில்லை. எழுந்து வந்து என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சுண்டல் போட்டாள். நான் கோபம் குறையாமல் அதையும் சாப்பிட்டேன்.