வெளிநாடு போய் வந்த தேன்

ஒரு காட்டில் தேன் இருந்தது, கரடி இருந்தது, இரண்டுக்கும் நடுவே யாரும் இல்லை. அதனாலேயே அது பின்தங்கிய காடு என்று பெயர் வாங்கியிருந்தது.

அங்கே பாறையேறித் தேன் எடுப்பவள் மாடத்தி என்ற கரடி. அவளுடைய குட்டிக்கு ஓயாத இருமல். தேன் நக்கினால்தான் அடங்கும்.

ஒருநாள் சிங்கராஜா, கடல் தாண்டிப் போய்வரும் நாரையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டம் போட்டார். "இனிமே நம்ம தேன் வெளிநாட்டுக் காட்டுக்குப் போகும். பதிலுக்கு வளர்ச்சி வரும்" என்றார்.

"என் குட்டிக்கு, ராசா?" என்றாள் மாடத்தி.

"உன் குட்டி நக்கினா அது செலவும்மா. வெளிநாட்டான் நக்கினா ஏற்றுமதி" என்று நாரை விளக்கியது. கை இருந்தவர்கள் கைதட்டினார்கள். இல்லாதவர்கள் வாலை ஆட்டினார்கள்.

தேன் குடம் குடமாகக் கப்பலேறியது. பதிலுக்கு ராஜாவின் குகைக்கு ஏ.சி. வந்தது. மற்றவர்களுக்கு அந்த ஏ.சி. வெளியே தள்ளும் சூடு வந்தது. குட்டியின் இருமல் கூடிக்கொண்டே போனது. மாடத்தி கேட்கும்போதெல்லாம், "வளர்ச்சி கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு, பொறு" என்றது நாரை.

கப்பலில் வந்தது தேன்தான். போன குடங்கள் அப்படியே திரும்பி வந்தன. தேனில் கரடி முடி கிடந்ததாம். கரடி எடுத்த தேனில் கரடி முடி இல்லாமல் கழுதை முடியா கிடக்கும்? இதைக் கேட்க அந்தக் காட்டில் யாருக்கும் வாய் இல்லை.

மாடத்திக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வேண்டாம் என்று வந்த தேன் இனி குட்டிக்குத்தானே என்று ஒரு குடத்தைத் தூக்கப் போனாள். நாரை குறுக்கே நின்றது. சந்தை வாசலில் பலகை மாட்டியது: 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட். வெளிநாடு போய் வந்த அசல் தேன்.'

யானை முதல் எலி வரை வரிசை கட்டி நின்றன. அதுவரை தேனைத் திரும்பிக்கூடப் பார்க்காத குரங்கு, குடத்துக்குள் எட்டிப் பார்த்து, "முடி இருக்குல்ல? அப்ப ஒரிஜினல்தான்" என்று வாங்கிக்கொண்டு போனது. மாடத்தியின் முறை வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

ஏற்றுமதிதான் நின்றுவிட்டதே, இனி யார் தடுக்கப் போகிறார்கள்? அவள் பாறையேறிப் புதுத் தேன் எடுத்துவந்து குட்டியிடம் நீட்டினாள்.

குட்டி முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இது உள்ளூர்த் தேன்மா. குரங்கு வீட்டுல எல்லாரும் எக்ஸ்போர்ட் தேன் சாப்பிடுறாங்க. எனக்கும் அதான் வேணும்." சொல்லி முடிப்பதற்குள் இருமல் அதைப் போட்டு உலுக்கியது.

மாடத்திக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தேனோடு பாறைக்குப் பின்னால் போனாள். ஓங்கிய அதே கையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கித் தேனில் போட்டுக் கலக்கி எடுத்து வந்தாள்.

"இந்தா, கடைசிக் குடம். நாரைகிட்டக் கெஞ்சி வாங்கியாந்தேன்."

முடியைக் கண்டதும் குட்டியின் கண் விரிந்தது. குடத்தை வழித்து நக்கியது. இருமல் அடங்கியது.

"என்ன இருந்தாலும் வெளிநாடு வெளிநாடுதாம்மா" என்றது.

நீதி: உள்ளூர்ச் சரக்குக்கு மரியாதை வேண்டுமானால், வெளிநாட்டான் அதை ஒருமுறையாவது துப்பியிருக்க வேண்டும். அவனுக்கு நேரமில்லை என்றால், நாமே ஒரு முடியைப் போட்டுக்கொள்வது நல்லது.