இடிஞ்சிரும் கட்டிய கூரை

பினாங்கில் அந்தக் காலத்தில் ஒரு கட்டடம்கூடச் சொந்த பலத்தில் நிற்கவில்லை. எல்லாம் எங்கள் இடிஞ்சிரும் பட்ட கவலையில்தான் நின்றுகொண்டிருந்தன. இதை எந்த இன்ஜினீயர் முன்னாலும் சொல்ல நான் தயார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் இருந்தது. ஆனால் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அண்ணாந்து பார்த்து, முகம் வெளுத்து, "இடிஞ்சிரும் அண்ணே" என்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடையின் மேல்மாடியில், கலியாணமாகாத நாங்கள் ஐந்தாறு பேர் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் துறைமுகக் கிட்டங்கியில் குமாஸ்தா. 1930களின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் தகரப் பெட்டியும் கக்கத்தில் படம் வரைகிற பலகையுமாக அவன் வந்து சேர்ந்தான். பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை, அதற்குள் சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டான், டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் ஒரே மூலையில உக்காராதீங்க அண்ணே, பாரம் ஒரு பக்கமா இறங்குது," என்றான். அன்று முதல் நாங்கள் சீட்டாடியது நாலு மூலையிலிருந்து. சீட்டைத் தூக்கித்தான் எறிய வேண்டும்.

அவன் படுப்பது வாசல் நிலையின் மேல்கட்டைக்கு நேர் கீழே. வீட்டிலேயே கெட்டியான இடம் அதுதானாம். மாதாகோயிலில் கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில்தான் உட்காருவான். பங்குச் சாமியார் அதைத் தாழ்மை என்று நினைத்து, பிரசங்கத்தில் ஒருமுறை அவனை மெச்சியும் பேசிவிட்டார். அவனோ அந்த நேரம் முழுக்கச் சாமியாரின் தலைக்கு மேலே தொங்கிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்பேர்ப்பட்டவன் என்ன வேலைக்குப் போயிருக்க வேண்டும்? படகு ஓட்டியிருக்கலாம், மாடு மேய்த்திருக்கலாம். இவன் படித்தது கட்டடக் கலை! பீச் ஸ்திரீட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் படம் பிரதி எடுக்கும் வேலை. கூடவே சீமைக் கல்லூரி ஒன்றில் தபால் வழிப் படிப்பு. அங்கிருந்து கேள்வி வரும். இவன் கட்டடத்தை வரைந்து சுருட்டி மெயில் கப்பலில் அனுப்புவான். பல மாதம் கழித்து அது சிவப்பு மையில் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வரும்.

முதலில் ஒரு பூங்கா மண்டபம் கேட்டார்கள். விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து தூணைத் தடிப்பாக்கிக்கொண்டே போனான். கடைசியில் உள்ளே ஒரே ஒரு ஆள் நிற்கலாம், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. அடுத்து ஒரு கிராமப் பள்ளிக்கூடம். இடிந்தால் பிள்ளைகள் ஓட வேண்டுமே என்று சுற்றிலும் கதவாக வைத்தான். 'கரும்பலகையை எங்கே மாட்டுவது?' என்று சிவப்பு மை கேட்டது.

"மனுசனே இல்லாம வரையிறியே, ஒரு ஆளையாவது போடேன்டா," என்றேன் ஒருநாள்.

"போட்டா அவர் மேல விழுமே அண்ணே!"

தட்டுத் தடுமாறி எல்லாம் தேறிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று: 'உன் ஊருக்கு ஏற்ற ஒரு உணவு விடுதி.' அதில்தான் மாட்டிக்கொண்டான். அவன் படித்த புத்தகமெல்லாம் சீமையில் அச்சடித்தவை. கூரை என்றால் அதன் மேல் பனிக்கட்டி எவ்வளவு தேங்கும், அந்தப் பாரத்தை எப்படித் தாங்குவது என்றுதான் அவை ஆரம்பிக்கும். இவனும் மறக்காமல் பனிக்குக் கணக்குப் போட்டு, கோபுரம் மாதிரி செங்குத்தாகக் கூரை வைத்து அனுப்பினான். 'பினாங்கில் பனி பெய்யுமா?' என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது.

படித்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினான். "பாத்தீங்களா அண்ணே? அவங்களுக்கே நிச்சயமாத் தெரியலை!"

மறுபடியும் பனியோடுதான் அனுப்பினான். மறுபடியும் வந்தது. துரை கூப்பிட்டு, அடுத்த தடவையும் தேறாவிட்டால் படிப்பை மறந்துவிடு, ஆயுசு முழுக்க மற்றவன் வரைந்ததைப் பிரதி எடுத்துக்கொண்டு கிட என்று சொல்லிவிட்டார். சுங்கை பாக்காப் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவன் அப்பாவோ, மகன் பெரிய பெரிய பங்களா கட்டப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பையனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் சாப்பிடுவது பள்ளிவாசல் பக்கம், சோறும் மீன் குழம்பும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடையில். கடைக்கார மாமா குரலை ஏற்றினால் துறைமுகம் வரை கேட்கும். கடைக்குப் பின்னால் திறந்த வெளி. மாட்டுவண்டிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

"மழை பேஞ்சா சோத்துல ஊத்துன ஆணமெல்லாம் தண்ணியாப் போயிருது. இவன் கட்டடத்துக்குப் படிக்கிறான்ல, ஒரு கூரை போட்டுக் குடுக்கச் சொல்லுலா," என்றார் மாமா என்னிடம்.

காகிதத்திலேயே நடுங்குகிறவன் நிஜக் கூரைக்குச் சம்மதிப்பானா? நாங்கள்தான் பிடரியைப் பிடித்துத் தள்ளினோம். ஒரு வாரம் ஆபீசுக்கும் போகாமல் வரைந்து எடுத்து வந்தான். மாமா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, கூரை இப்படி மானத்தைப் பாத்து நிக்குது?"

"பனி வழுக்கி விழணும்ல மாமா."

"என்ன பனி?"

"ஐஸ்கட்டி மாமா, நம்ம ஆயர் பத்து. மேலேருந்து விழும்."

"அலாமாக்! பினாங்குலயா?"

"இதுவரைக்கும் விழலை. விழுந்தா?"

"விழுந்தா ஏந்திக்கிட மாட்டேனா? தினம் காசு குடுத்துல்ல ஆயர் பத்து வாங்குறேன்!" கடையே சிரித்தது. மாமா அடுத்துத் தூணில் விரலை வைத்தார். "இது என்னலா, ஒவ்வொரு தூணும் நாலு ஆளு இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது? தூணு வந்து சோறு திங்குமா?"

பனியை எடுக்கவைத்தோம். தூணையும் இளைக்கவைத்தோம். ஒவ்வோர் அங்குலம் குறைக்கும்போதும் அவன் சதையை அறுக்கிற மாதிரிதான் முனகினான். கடைசியில் மெல்லிசான மரத் தூண், மேலே தகரக் கூரை என்று முடிவாகி, சீனத் தச்சர் ஒருவர் கட்டி முடித்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கட்டியவன் மட்டும் அதற்குக் கீழே வரவில்லை. நாங்கள் உள்ளே சாப்பிடுவோம். அவன் வெளியே வெயிலில் நின்றபடி தட்டைக் கையில் ஏந்தி, கூரையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவான். கெஞ்சினோம், மிரட்டினோம், மாமா மீன்தலைகூடக் காட்டினார். ஊஹூம்!

ஒருநாள் மத்தியானம் சுமாத்ரா பக்கமிருந்து காற்று கிளம்பியது. வானம் கறுத்து, கடலையே வாரி இறைக்கிற மாதிரி மழை. தெருவில் போனவர்கள், வண்டிக்காரர்கள், பள்ளிவாசலுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கூரைக்குக் கீழே ஓடி வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களோடு நெருக்கியடித்து நின்றார்கள். தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. வெளியே, கொட்டுகிற மழையில், இடிஞ்சிரும் தொப்பலாக நனைந்து கையை ஆட்டிக் கத்தினான்.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! இடிஞ்சிரும்!"

அவனவன் தட்டில் பாதிச் சோறு இருந்தது. யார் வருவார்கள்? "நீ உள்ள வாடா!" என்று நான் கத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று கூரையை அப்படியே தூக்குவதுபோல் அடித்தது. அவன் எங்களைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "மாதாவே!" என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்து வந்து, ஓரத்துத் தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான்.

சிரிக்கத்தான் செய்தோம். தென்னங்குச்சி மாதிரி உடம்பு. அது தூணைத் தாங்குகிறதாம்! மழை விடுகிற வழியாக இல்லை, அவனும் விடுகிற வழியாக இல்லை. மாமா ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்து, "கையைத்தான் விட மாட்டே, வாயையாவது தொற," என்று ஊட்டினார். அவன் கண்ணை மூடியபடியே சாப்பிட்டான்.

காற்று அடங்கியது. கூரை நின்றது. அவன் மெல்லக் கண்ணைத் திறந்து, தன் கூரைக்குக் கீழே நிற்கிறவர்களை முதல் தடவையாகப் பார்த்தான். ஓரத்தில் நின்றவர்கள் முதுகெல்லாம் நனைந்து நடுவை நோக்கி ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

"கூரையை இன்னும் வெளிய நீட்டியிருக்கணும் அண்ணே," என்றான் மெதுவாக. இடிஞ்சிரும் என்று சொல்லவே இல்லை!

அன்று சாயங்காலமே பலகையை எடுத்துவிட்டான். அகலமாக நீண்டு இறங்குகிற கூரை, ஒல்லித் தூண்கள், காற்று போக வர வழி. கீழே ஆட்கள். ஆமாம், ஆட்கள்! தொப்பை போட்ட மாமா, கால் மேல் கால் போட்ட நான், வண்டிக்காரர்கள். படம் கப்பலேறியது. அப்புறம் அவன் பட்ட பாட்டை எழுதி மாளாது. கூரைக் கவலை போய்க் கப்பல் கவலை வந்தது; கடலில் எங்கே புயலடித்தாலும் இங்கே இவனுக்குக் காய்ச்சல்.

ஒருவழியாகச் சுருள் திரும்பி வந்தது. பிரிக்க அவனுக்குக் கை வரவில்லை. மாமா கடைக் கூரைக்குக் கீழே கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டான். பிரித்தேன். தேறிவிட்டது! மாமா போட்ட கூச்சலில் பள்ளிவாசல் புறாவெல்லாம் பறந்தன. ஓரத்துத் தூணுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கேள்வி இருந்தது: 'இந்த ஆள் ஏன் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்?'

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. "பதில் எழுதணுமா அண்ணே? எழுதாட்டி பாஸைத் திருப்பி எடுத்துக்குவாங்களோ?"

அதற்கப்புறம் அவன் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் எத்தனையோ கட்டடங்கள் கட்டினான். ஒன்றும் இடியவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. இன்றைக்கும் மழைக்கு எந்தக் கூரையில் ஒதுங்கினாலும் என் கண் ஓரத்துத் தூணைத்தான் தேடுகிறது. அங்கே யாரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.