கத்தரிக்கோல் காத்த மானம்

கடைசிக் கவரைக் கையில் எடுத்தபோது தெருமுனையில் குப்பை வண்டியின் மணி கேட்டது. பதிவாளர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, வண்டி வந்துடுச்சு!" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"வரட்டும். இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

"உங்களுக்காக அவங்க காத்துக்கிட்டா இருப்பாங்க?"

காத்திருக்கவில்லை. அவர் அவசர அவசரமாகப் பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது.

அவர் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவில் அவர் இன்னும் பதிவாளர்தான். ஊரார் பெயர்களைப் பத்திரங்களில் பதிந்தே தலை நரைத்தவருக்குப் பெயரின் அருமை தெரியாதா? கூரியர் கவரோ, மின்கட்டண ரசீதோ, எதுவானாலும் அவர் பெயரும் அவருடைய அப்பாவின் பெயரும் உள்ள இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்த பிறகே அது குப்பைக்குப் போகும்.

"எங்கப்பா பேரு மீன் செதிலோட கிடக்கறதா?" என்பார். வெட்டிய துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் மரியாதையாக இருந்தன.

வண்டியைக் கோட்டைவிடுவதற்கு இது நல்ல நாள் அல்ல. அன்று மாலைதான் அவர் ஏரிப் பாதுகாப்புக் குழுவின் தலைவராகப் பொறுப்பேற்க இருந்தார். போன வாரம் பல் டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் வீடு தேடி வந்து கேட்டார்கள். தெருவில் ஓர் இன்ஜினீயர் இருக்கிறார், கல்லூரி முதல்வர் ஒருவர் இருக்கிறார். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு ஏன் தன்னை? வந்தவர்களிடமே கேட்டார்.

"உங்களை விட்டா வேற யாருங்க?" என்றார் பல் டாக்டர்.

"நீங்க ஒருத்தர் தலைவரானாப் போதும் ஐயா, கரையில பாதி சுத்தமாயிடும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

குடும்பப் பாரம்பரியம் என்பது சும்மாவா? இருந்தாலும் 'ஏன் நான்?' என்ற கேள்வி அவருக்குள் இனிமையாக அரித்துக்கொண்டே இருந்தது.

"கொண்டாங்க இப்படி" என்று மனைவி பையை வாங்கிக்கொண்டாள். "பையன் ஆபீஸ் போற வழியில போட்டுடுவான்."

"எங்க போடுவான்?"

"எங்கயோ போடறான். அது உங்களுக்கு எதுக்கு?"

எதுக்கா? மதியம் சாப்பிட்டுப் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. மகனுக்குப் போன் போட்டார்.

"பையை எங்கடா போட்டே?"

"ஏரிக்கரையிலப்பா."

பதிவாளர் எழுந்து உட்கார்ந்தார். "எந்த ஏரி?"

"இந்த ஊர்ல எத்தனை ஏரிப்பா மிச்சம் இருக்கு?"

"டேய், இன்னைக்குச் சாயங்காலம் அந்த ஏரிக்குத்தான்டா நான் தலைவர்!"

"எதுக்குப்பா பதறுறீங்க? நீங்கதான் பேரையெல்லாம் வெட்டிடறீங்களே. யாருக்குத் தெரியப் போகுது?"

நியாயம்தான். கத்தரிக்கோலை நன்றியோடு நினைத்துக்கொண்டு மறுபடி படுத்தார். படுத்தவர் உடனே எழுந்தார். அந்தக் கடைசிக் கவர்! மணிச் சத்தத்தில் அதை வெட்டினாரா, அப்படியே பைக்குள் திணித்தாரா?

பிஸ்கட் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தார். எல்லாத் துண்டிலும் அதே பெயர். இன்றைக்கு வெட்டியது எது, போன மாதம் வெட்டியது எது என்று யார் கண்டது?

விழாவுக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரிக்கு நடந்தார்.

கரை என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. தண்ணீர் தொடங்க வேண்டிய இடத்தில் பைகள் தொடங்கின. குவியலின் நடுவிலிருந்து யாரும் வைக்காத நெருப்பு புகைந்தது. அதற்கப்பால் கரும்பச்சையாக ஏதோ தேங்கி, ஓரமெல்லாம் நுரை கட்டியிருந்தது. ஒரு கொக்கு பிளாஸ்டிக் கயிற்றைப் புழுவென்று நம்பி இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாப் பைகளும் கறுப்பு. அவருடையதும் கறுப்பு.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றைப் பிரித்தார். உள்ளே கேக் டப்பாக்கள், சர்க்கரை மாத்திரை அட்டைகள், அவற்றோடு எடை பார்க்கும் கருவி ஒன்று. தரையில் வைத்து ஏறிப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது. நல்ல கருவியை ஏன் எறிந்தார்கள்? எடை பிடிக்கவில்லை போலும்! அடுத்த பையில் பிரிக்காத சமையல் புத்தகம், கூடவே மலைபோல ஓட்டல் பொட்டலங்கள். அட, இது யார் வீடு? மூக்கைப் பிடித்திருந்த கை எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பையும் ஒரு வீட்டின் பின்கதவாகத் திறந்தது. எதைத் தேடி வந்தோம் என்பதையே மறந்துவிட்டார்.

"ஐயா!"

திரும்பினார். பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், இன்ஜினீயர் எனக் குழுவே கையுறையும் சாக்குமாக நின்றது. கூடவே பல் டாக்டரின் மாமியார். அந்த அம்மாளுக்குக் காது மந்தம். அவர் ரகசியம் சொன்னால் எதிர்க்கரைக்குக் கேட்கும்.

"பார்த்தீங்களா, பதவி ஏற்கறதுக்கு முன்னாடியே தலைவர் வேலையில இறங்கிட்டாரு!" என்றார் இன்ஜினீயர். எல்லோரும் கைதட்டினார்கள்.

முழங்கை வரை கறையோடு பதிவாளர் கும்பிட்டார். வேறென்ன செய்வது?

"தலைவர் வழியிலயே போவோம்" என்று இன்ஜினீயருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "ஒரு பை விடாமப் பிரிச்சு, யார் யார் பேரு இருக்குன்னு பார்ப்போம். நாளைக்கே போர்டு எழுதி மாட்டிடலாம்!"

"வேண்டாம்!" பதிவாளரின் குரல் கீச்சிட்டது. "அடுத்தவங்க வீட்டு மானம் இருக்கில்ல?"

"அதேதான் நானும் சொல்றேன்!" என்று பல் டாக்டர் பாய்ந்து வந்தார். "இன்னைக்கு நல்ல நாள். பிரிக்கற வேலையெல்லாம் வேண்டாம்."

டாக்டர் ஏன் இவ்வளவு பதறுகிறார்? பாவம், அவர் வீட்டுப் பையும் இங்கே இருக்கும் என்று பதிவாளர் எண்ணிக்கொண்டார்.

ஆனால் காது கேளாதவருக்கு வேண்டாம் என்பது எப்படிக் கேட்கும்? மாமியார் அதற்குள் ஒரு பையைப் பிரித்து, மீன் செதில் மினுங்கும் கூரியர் கவர் ஒன்றை வெளியே எடுத்திருந்தார்.

பதிவாளர் எட்டிப் பார்த்தார்.

மாமியார் கவரைத் திருப்பினார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. மாலை வெயில் அதன் வழியே பளிச்சென்று வந்தது.

வெட்டியிருக்கிறார்! அப்பாவின் பெயர் பிழைத்தது. பதிவாளரின் முதுகெலும்பு பழையபடி நிமிர்ந்தது.

"அடடா, பேரு இல்லையே!" என்றார் மிகுந்த வருத்தத்தோடு. "இது யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

மருந்துக்கடைக்காரர் தன் கையுறையை ஆராய்ந்தார். பல் டாக்டர் கொக்கைப் பார்த்தார்.

மாமியார் மட்டும் அந்த ஓட்டை வழியாகப் பதிவாளரை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்பிள்ளை, இவரைத் தலைவராக்கிட்டா இந்த ஓட்டைக் கவர் வர்றது நின்னுடும்னு சொன்னீங்களே, இன்னைக்கும் வந்திருக்கே?"