பதினாறு பிராசஸரும் ஒரு சீட்டும்

பதினாறில் எட்டு பிராசஸர்களை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். மிச்ச எட்டில் இசக்கிதுரை ஓட்டிய வேலை, மெமரி போதாமல் பாதியில் செத்துப்போனது.

இன்டர்காமில் மேனேஜர் பாண்டுரங்கனைப் பிடித்தான். "சார், காலைல கேட்ட எட்டு பத்தல. பன்னெண்டு பிராசஸராவது வேணும்."

"நான் பாத்துக்கறேன். நாலு மணிக்குக் கஸ்டமர் வர்றாங்க. ரிசல்ட் இல்லேன்னா உன் கன்ஃபர்மேஷனை மறந்துடு."

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி அது. புது சீட்டை நிஜமாக இடித்து உடைப்பதற்கு முன், கம்ப்யூட்டருக்குள் ஒருமுறை இடித்துப் பார்ப்பார்கள். அதற்காக ஏசி அறையில், தலைக்கு இரண்டு பிராசஸர் வைத்த எட்டு கம்ப்யூட்டர்களை ஒயரால் கோத்து ஒரே ஆள் மாதிரி வேலை வாங்கினார்கள். கேட்ட பிராசஸரும் மெமரியும் ஒருசேரக் காலியானால்தான் வேலை தொடங்கும். அதுவரை வரிசை.

இசக்கிதுரை இன்னும் டிரெயினி. நாங்குநேரியில் அவன் அம்மா அவனை எப்போதோ பர்மனென்ட் ஆக்கி, பெண்ணும் பார்த்து முடித்திருந்தாள்.

திரையைப் பார்த்தான். பிடிபட்டவை இப்போது எட்டு அல்ல, பன்னிரண்டு. பிடித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அட்மின்' என்று மொட்டையாக இருந்தது.

கதவு செக்‌ஷன் ராஜாமணிதான் என்று முடிவு கட்டி, அவர் மேஜைக்குப் போனான்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் நீங்களே அமுக்கி வச்சா எப்படி?"

"யோவ், நான் காலைலேர்ந்து சாலிட்டேர் ஆடிட்டிருக்கேன்யா."

"நம்பிட்டேன்."

"திருடன்னே முடிவு பண்ணிட்டியா? அப்புறம் நான் எதுக்குச் சும்மா இருக்கணும்?"

ராஜாமணி மிச்சமிருந்த நான்கையும் எடுத்து, எந்தக் காருக்கும் சேராத ஒரு கதவை இடிக்கவிட்டார்.

இசக்கிதுரை மறுபடி இன்டர்காமுக்கு ஓடினான். "சார், இருந்த நேரமும் போச்சு. இனி பதினாறும் கெடச்சாத்தான் முடியும்!"

"பதினாறா? சரி, பாத்துக்கறேன்."

பாண்டுரங்கன் பார்த்துக்கொண்டார். ராஜாமணியின் கதவு பாதி நசுங்கிய நிலையில் மறைந்தது. நான்கு பிராசஸர் காலியானது. அடுத்த நொடி அந்த நான்கும் அட்மின் வாயில் போனது.

இசக்கிதுரை சாப்பிடப் போகவில்லை. வரிசையில் அவன் வேலைதான் முதலாவது. முதலாவதாகவே இருந்தது.

கேட்டில் கஸ்டமரின் கார் ஹாரன் கேட்டது. அவன் எழுந்து ஏசி அறைக்குள் பாய்ந்தான். ஆப்பரேட்டர் சாம்சன், மண்ணூர்க்காரன், காதைச் சுற்றி மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாத்தையும் முழுங்கிட்டு ஒரு வேலை ஓடுதுல்லா? அதைக் கொல்லுடே!"

"அது ஓடல சார், சும்மா கீது."

"சும்மாவா? அப்போ கொல்ல வேண்டியதுதானே!"

"அத்த தொட்டா என் வேலை பூடும். பாண்டுரங்கன் சார் ஆர்டர். போன் மேல போன் போட்டு, இன்னும் புடி, இன்னும் புடின்றாரு."

இசக்கிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த மகராசனுக்குடே இவ்வளவும்?"

சாம்சன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"உனுக்குத்தான் சார்! கம்பெனி பஸ்ல கர்ச்சீப் போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி காலைலேர்ந்து புட்சிக்கினு கீறேன், நீதான் இன்னும் வந்து குந்தல!"